விமானத்தளத்து வேலியோரம் பன்னிரண்டு வீடுகள்

1

அன்னவாசலிலிருந்து என் பங்காளி சின்னையா எழுதிய கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. வரப்புத் தகராறு, மழை பொய்த்தது, யாருக்கோ காது குத்தியது ஆகிய செய்திகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, இறுதியில் அவர் எழுதியிருந்தது இது: “அண்ணே, ஒங்க வீட்டுக் கூரைக்கு மேலயே ஆகாயக்கப்பல் பறக்குதாமே. வாசல்ல நின்னா சக்கரம் தெரியுமாமே. எங்களுக்கு அதெல்லாம் எங்கிட்டு வாய்க்கும்? கொடுத்துவச்சவங்க நீங்க.”

பதில் எழுத உட்கார்ந்தவன், இதே எண்ணத்தில் ஊரில் இன்னும் பல சின்னையாக்கள் இருப்பார்கள் என்பது நினைவுக்கு வரவே, ஒருவருக்கு எழுதுவதை நிறுத்தி ஊராருக்கே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த ஆண்டில் நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். இந்த மாதத்தோடு பதினான்கு ஆண்டுகள் நிறைவடைகின்றன. ராஜாங்கம் போன ஆண்டில் ஊரைவிட்டுப் போனவன் என்று என்னைச் சிலர் ஏளனம் செய்ததாகக் கேள்வி. இரண்டுக்கும் தொடர்பில்லை. ராஜாங்கம் போனதற்குக் காரணம் அரசியல். நான் போனதற்குக் காரணம் கிணறு வற்றியது.

மலாயாவில் நான் இருக்கும் ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அலுவலகத்தார் சிலர் தங்களைப் புகழ்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளக்கூடும். மேலும், நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வந்த பழைய தாள்களைப் படித்தே எழுதக் கற்றவன். என் நடையில் வக்கீல் நோட்டீசும் பஞ்சாங்கமும் கலந்திருக்குமாயின் படிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

2

விமானத்தளத்தின் முள்கம்பி வேலியை ஒட்டி ஒரே வரிசையில் பன்னிரண்டு பலகை வீடுகள் உள்ளன. பன்னிரண்டிலும் இருப்பவர்கள் நம் பக்கத்துக்காரர்களே. நாங்கள் வந்தபோது அது போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் அவசரமாகத் திருத்திய புல்தரை. வாரத்துக்கு இரண்டு சிறிய விமானங்கள் வந்து, வெட்கப்பட்டவை போல ஓரமாக நின்றுவிட்டுப் போகும். மனை மலிவாகக் கிடைத்தது. மலிவாகக் கிடைப்பது ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று கேட்கும் வழக்கம் நம்மவர்களுக்கு இல்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகு புல்தரையைச் சிமெண்டுத் தரையாக்கினார்கள். பிறகு அதை நீட்டினார்கள். பிறகு நான்கு எஞ்சின் விமானங்கள் வந்தன. பிறகு ஜெட் வந்தது.

அது வரும் முறையைச் சொல்கிறேன். முதலில் அடுக்களைத் தட்டிலிருக்கும் தம்ளர்கள் ஒன்றோடொன்று இரகசியம் பேசும். அடுத்துத் தகரக் கூரை பேசும். அதன்பின் நம் பல்லே பேசத் தொடங்கும். அதற்குப் பிறகு எதுவும் பேச முடியாது. எங்கள் வரிசையில் உரையாடுபவர்கள் வாக்கியத்தின் நடுவே திறந்த வாயை மூடாமல் நின்று, விமானம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்த ஒருவர், நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தபடி அசைவற்று நின்றதைக் கண்டு, இது இவ்வூரில் பரவும் நோய் என்று கருதி, சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார்.

தடுப்பு முறைகள் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இலவம் பஞ்சை நல்லெண்ணெயில் தோய்த்துக் காதில் வைத்தோம். விமானம் கேட்டது, மனைவி கூப்பிட்டது கேட்கவில்லை. சன்னலில் நனைந்த கோணிகளைத் தொங்கவிட்டோம். வீடு நெல் அவிக்கும் கொட்டகை போல் நாறியது. திருக்கோகர்ணத்துச் சாம்பசிவம், ஐந்தாம் வீட்டுக்காரர், ஓசையை மறிப்பதற்கென்று வேலியோரம் மூங்கில் நட்டார். மூங்கில் செழித்தது. அதில் பாம்பு குடியேறியது. ஓசை குறையவில்லை.

என் மகள் கோமதி ஐந்து வயதில் இங்கே வந்தவள். இப்போது ஒரு வர்த்தக நிறுவனத்தில் தட்டெழுத்து வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தோழிகளோடு விமானத்தளத்து மாடிக்குச் சென்று, குளிர்ந்த காப்பி குடித்தபடி விமானங்களைப் பார்த்துவிட்டு வருகிறாள். வாரம் ஆறு நாள் தலைக்கு மேல் இலவசமாக வரும் துன்பத்தை ஏழாம் நாள் தேடிப்போய்ப் பார்க்கிறவர்களை என்ன சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு, ஓசையை வைத்தே இது இன்ன விமானம் என்று சொல்லிவிடுவாள். ஒரு நாள் நான் அவளிடம் ஆனிக்கு அடுத்த மாதம் எது என்று கேட்டேன்.

“ஜூலை” என்றாள்.

3

இதைப் படிக்கும் சிலர், ‘ஐயோ பாவம், அமைதியான ஊரில் பிறந்தவர்’ என்று இரங்கக்கூடும். அந்த இரக்கம் வேண்டாம். நம் ஊர் அமைதியான ஊர் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள். அன்னவாசலில் என் வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு செக்கு. வலப்பக்கம் ஒரு தட்டார் பட்டறை. பின்னால் ஓயாமல் சண்டையிடும் இரண்டு ஓரகத்திகள். ஆடி மாதம் முழுவதும் ஒலிபெருக்கி. சந்தை நாளில் மாட்டுத் தரகர்களின் கூச்சல்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஒவ்வோர் ஓசைக்கும் ஓர் ஆள் இருந்தான். செக்கு கிறீச்சிட்டால், “ஏப்பா, அச்சுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடக்கூடாதா? எண்ணெய் ஆட்டுறவன்தானே நீ?” என்று கேட்கலாம். அவன் திருப்பி நம் பாட்டனார் வரைக்கும் இழுத்துப் பேசுவான். அவன் பேசி முடிக்க, நாம் பேசி முடிக்க, அச்சுக்கு எண்ணெய் விழுந்துவிடும்.

இங்கே ஓசைக்கு ஆள் இல்லை. இருப்பவை அலுவலகச் சன்னல்கள் மட்டுமே. எந்தச் சன்னலுக்குப் பின்னால் இருப்பவரும் அந்த ஓசை தன்னுடையதன்று என்கிறார்.

4

விமானத்தள அலுவலகத்துக்கு முதன்முதலாக நான் எழுதிய விண்ணப்பம் இரண்டு முழுப் பக்கங்கள் கொண்டது. சமஸ்தானத்து தர்பாருக்கு மனு எழுதும் முறையை அறிந்தவர்கள் அதன் கட்டமைப்பை மதித்திருப்பார்கள். வணக்கம் ஒரு பத்தி, அதிகாரியின் குணநலன் ஒரு பத்தி, மனுதாரரின் சிறுமை ஒரு பத்தி, அதன்பின் விஷயம். ஆங்கிலத்தில் அடித்துத் தருமாறு கோமதியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, “அப்பா, இது லெட்டரா, கல்யாணப் பத்திரிகையா? சத்தம் ரெண்டாம் பக்கத்துலதான் வருது” என்றாள். நாலு வரியில் அடித்துக் கொடுத்தாள். வணக்கமே இல்லாத அந்தத் தாளில் கையெழுத்திட எனக்குக் கூசியது.

அதைக் கொண்டுசென்றபோது முதற் சன்னல்காரர் ஓர் அடிப்படைச் செய்தியைப் போதித்தார். வானத்தில் உண்டாகும் ஓசை ஒரு பிரிவைச் சேர்ந்ததாம். தரையில் உண்டாகும் ஓசை வேறொரு பிரிவைச் சேர்ந்ததாம். ஏறும்போதும் இறங்கும்போதும் உண்டாகும் ஓசை யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன். அது இன்னும் தீர்மானமாகவில்லை என்றார். தீர்மானம் ஆகும்வரை அது யாருக்கும் சொந்தமின்றி என் கூரைமேல் விழுந்துகொண்டிருக்கும் போலும்.

மூன்றாம் சன்னலில் இருந்தவர் தமிழ் இளைஞர், இங்கேயே பிறந்தவர். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார். பிறகு வாயைத் திறந்தார்.

“ஐயா, நீ உக்காரு. நீ சத்தம் தாங்கல சொல்றே. சரி. நீ வீட்டுல ஜன்னல் இருக்குதா?”

“இருக்கிறது.”

“அப்ப சாத்து, ஐயா.”

எழுந்து நின்றுகொண்டே ஒருமையில் அழைப்பவரைக் கோபிப்பதா, வாழ்த்துவதா? அதைவிடப் பெரிய வியப்பு அவர் சொன்ன மருந்து. ஆண்டு முழுவதும் சித்திரை வெயில் காயும் நாட்டில், தகரக் கூரைக்குக் கீழே, சன்னலைச் சாத்தச் சொல்கிறார். அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அறையின் சன்னல்கள் திறந்திருந்தன.

5

சென்ற ஆண்டின் இறுதியில், எங்கள் பன்னிரண்டு வீடுகளுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், கனமான சிமெண்டு மேடை ஒன்றைப் போடத் தொடங்கினார்கள். பழுது பார்த்த எஞ்சின்களை, விமானத்தைக் கட்டிப்போட்டு நிறுத்தி, முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கான இடம் அது. அதுவரை அந்தச் சோதனை தளத்தின் மறுகோடியில், ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் நடந்துவந்தது. பறக்கும் விமானம் ஒரு நிமிடத்தில் போய்விடும். கட்டிப்போட்ட விமானம் போகாது. காலையில் முக்கால் மணி நேரம், பிற்பகலில் முக்கால் மணி நேரம், நின்ற இடத்திலேயே நின்று கத்தும்.

மேடை முடிந்ததும் மூன்று நாட்கள் வெள்ளோட்டம் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பிற்பகல், சோறு வடித்துக்கொண்டிருந்த என் மனைவி அலமேலு தலை சுற்றி அடுப்படியில் விழுந்தாள். கஞ்சி முழங்கையில் கொட்டிவிட்டது. அன்று முதல் சுவரைப் பிடிக்காமல் அவளால் நடக்க இயலவில்லை. மருத்துவர் அவள் காதினுள் விளக்கடித்துப் பார்த்தார். காதின் உட்புறத்தில் நம்மை நிமிர்ந்து நிற்கவைக்கும் ஏதோ ஒன்று கலங்கிவிட்டதாம். “சத்தமில்லாத இடத்தில் இருந்தால் தேறிவிடும், இந்த இடத்தில் இந்தச் சோதனை தொடர்ந்தால் நான் பொறுப்பில்லை” என்றார். வீட்டை விற்றுவிட்டு வேறிடம் போகலாமே என்பீர்கள். வாங்க வந்த ஒரே மனிதர், தட்டிலிருந்த தம்ளர்கள் பேசத் தொடங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவ்வேளையில் அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. மேடையை நிரந்தரமாக்குவதில் ஆட்சேபம் உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெருவுக்கு ஒரே படிவம். பன்னிரண்டு வீடுகளில் ஏழு வீடுகளின் கையெழுத்தாவது அதில் இருக்க வேண்டும். இல்லையேல் ஆட்சேபம் எவருக்கும் இல்லை என்று கொள்ளப்படும்.

கோமதி அதைப் படித்துப் பொருள் சொன்னாள். அலமேலு சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தாங்க” என்றாள் என்னிடம். “அந்த மேடையை அங்கிட்டே மாத்திட்டாங்கன்னா நான் இங்கிட்டே கெடக்கேன். மாத்தலைன்னா பங்குனிக் கப்பல்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன். இருபத்தெட்டு வருசம் ஒங்க கூட இருந்தாச்சு. மிச்சத்தையும் இருக்கத்தான் ஆசை. ஆனா நிக்க முடியணும்ல?”

“ஏழு கையெழுத்துத்தானே? ஒரு நாள் வேலை” என்றேன்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வீட்டு ஆண்களும் எங்கள் கூடத்தில் கூடினர். படிவத்தை நடுவே வைத்தேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட கோடுகள். எண்ணிட்டதுதான் வினை. எண்ணே இல்லாத வெறுந்தாளாக இருந்திருந்தால், நம்மவர்கள் தாங்களாகவே எண்ணைக் கற்பித்துக்கொண்டிருப்பார்கள் என்பதும் உண்மையே.

நம் பக்கத்துக் கோயில்களில் திருநீற்றுத் தட்டு எந்த வரிசையில் நீட்டப்படும் என்பதை அறியாதவர் இல்லை. கோயில் உரிமையில் முதற்கரை எனப்படும் குடும்பத்துக்கு முதலில், இரண்டாங்கரைக்கு அடுத்து. தட்டு ஓர் ஆளைத் தவறவிட்டுப் போனதற்காகத் திருவிழாவே பல ஆண்டுகள் நின்றுபோன ஊரை நான் அறிவேன். அம்மனுக்குப் பொங்கல் இல்லாமல் போகலாம், முறை தவறக்கூடாது. அந்தத் தட்டைக் கடலைத் தாண்டிக் கொண்டுவந்து இந்தப் படிவத்தின் மேல் வைத்தார்கள்.

சாம்பசிவம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். “ஊருல எங்களுக்குத்தான் மொதக் கரை. எங்க தாத்தா தலையில பரிவட்டம் கட்டாம தேர் வடத்தத் தொடமாட்டாங்க. அதனால நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.”

மீமிசல் கருப்பையா முதல் வீட்டுக்காரர், கருவாட்டு வியாபாரி. இந்த வரிசையில் முதன்முதலாக முளை அடித்து வீடு கட்டியவர் அவரே. அவர் சாம்பசிவத்தின் கையைப் பிடித்தார்.

“இருங்க மச்சான். ஒங்க தாத்தா தேர் இழுத்த ஊருலயா பிளேன் கத்துது? இந்த மண்ணுல மொதல்ல முள்ளு வெட்டுனது நானு. நீங்க வந்தப்ப படுக்கப் பாய் கொடுத்தது யாரு?”

“பாய் கொடுத்தா பரிவட்டம் கட்டணுமா?”

“கருவாடுன்னா எளக்காரமா?”

“நான் கருவாட்டப் பத்திப் பேசவே இல்லையே. நீங்களே கொண்டாந்து போடுறீங்க.”

நான் கையமர்த்தினேன். சமாதானம் செய்தேன் என்று எழுதலாம், எழுதினால் பொய். நான் சொன்னது இது: மனுவை எழுதியவன் நான். அலைந்தவன் நான். எந்தச் சட்டத்திலும் மனுவை எழுதியவனே முதல் மனுதாரன்.

விமானம் ஒன்று வந்தது. பன்னிரண்டு பேரும் வாயைத் திறந்தபடி காத்திருந்தோம். அது போனதும் பன்னிரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

கோமதி கதவோரம் நின்று, “அகர வரிசையில போடலாமே” என்றாள். “பாலர் வகுப்பா நடக்குது?” என்றார் சாம்பசிவம். சீட்டுக் குலுக்கலாம் என்றார் ஒருவர். “மரியாதை என்ன குலுக்கிப் போடுற சாமானா?” என்றார் கருப்பையா. வட்டமாகக் கையெழுத்திடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. வட்டத்தில் கிழக்குப் பக்கம் யாருக்கு என்ற கேள்வி உடனே எழுந்தது. மற்ற ஒன்பது பேரும் எந்தக் கோட்டிலும் போட ஆயத்தமாகவே இருந்தனர். ஆனால் முதல் கோடு காலியாக இருக்க, இரண்டாம் கோட்டில் யார் போடுவார்? அப்படிப் போட்டால் அவர் இரண்டாமவர் என்று ஆகிவிடுமே.

இவ்வாறு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கூடினோம். ஐந்தாம் வாரம் சாம்பசிவமும் கருப்பையாவும் பேச்சை நிறுத்திக்கொண்டனர். இதற்கிடையே வெள்ளோட்டம் வாரத்துக்கு இருமுறை நடந்தது. அந்நாட்களில் அலமேலு கண்ணை மூடிச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும், பேனாவைச் சாம்பசிவத்திடம் கொடுத்து ‘நீங்களே போடுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் குறிப்புகளில் பிறரை இகழ்ந்து எழுதியவற்றில் எனக்கு உரிய பங்கைப் படிப்பவர்கள் குறையாமல் எனக்கே அளித்துவிட வேண்டும்.

7

தவணையின் கடைசி நாள் காலையில் நான் என் மளிகைக் கடைக்குப் புறப்பட்டபோது மேசைமேல் படிவம் இல்லை. கோமதி எடுத்துவைத்திருப்பாள் என்று எண்ணினேன். உண்மையில் எடுத்தவள் அலமேலு. அன்று நடந்ததைக் கோமதி பின்னர் எனக்குச் சொன்னாள்.

எங்கள் பன்னிரண்டு வீடுகளுக்கும் தெருமுனையில் ஒரே குழாய். காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் வரும். யார் முதலில் வாளியை வைத்தாரோ அவருக்கு முதல் தண்ணீர். அதில் முதற்கரையும் இல்லை, கடைசிக் கரையும் இல்லை. கோமதி வாளியைத் தூக்கிவர, அலமேலு சுவரையும் வேலிக்கால்களையும் பிடித்துப் பிடித்து நடந்து, படிவத்தோடும் என் பேனாவோடும் அங்கே போயிருக்கிறாள். வீட்டில் வசிப்பவர் யார் கையெழுத்திட்டாலும் செல்லும் என்று படிவத்திலேயே அச்சிட்டிருந்ததைக் கோமதி முதல் நாள் இரவு அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். அந்த வரியை நாங்கள் பன்னிரண்டு ஆண்களும் படித்ததில்லை. எண்களை மட்டுமே படித்திருந்தோம்.

“எல்லாரும் இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கடி. இன்னைக்கு விட்டா போச்சு” என்றாளாம்.

“யாரு மொதல்லக்கா?” என்று கேட்டாள் சாம்பசிவத்தின் மனைவி.

“வாளி எப்படி இருக்கோ அப்படி.”

அன்று முதலில் வாளி வைத்திருந்தவள் கடைசி வீட்டுப் பாக்கியம். சந்தையில் கீரை விற்பவள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் அவள் கணவன் வாசற்படியில் உட்காருவான். அவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பாக்கியத்துக்கு எழுதத் தெரியாது. பேனா மையைக் கட்டைவிரலில் தடவி முதல் கோட்டில் ஈரக் கையோடு அழுத்தினாள். சாம்பசிவத்தின் மனைவி நான்காவது. கருப்பையாவின் மனைவி ஆறாவது. படிவத்தைக் கொண்டுபோன அலமேலுவின் வாளி எட்டாவதாக இருந்தது. எட்டாம் கோட்டில் போட்டாள். இரண்டு மாதத்தில் நடவாதது, குடம் நிறையும் நேரத்தில் நடந்துவிட்டது.

பிற்பகலில் கோமதி அதை அலுவலகத்துக்குக் கொண்டுசென்றாள். அந்தத் தமிழ் இளைஞர் விரல் நுனியால் மேலிருந்து கீழாக எண்ணினார். “பன்னெண்டு. ஏழே போதும்” என்று சொல்லி முத்திரையை ஓங்கிக் குத்தினார். அது முதல் கோட்டின் மேலேயே விழுந்தது. அங்கே இருந்தது யார் என்று இனி எவராலும் படிக்க முடியாது.

மாலையில் செய்தி பரவியது. சாம்பசிவம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

“என்ன மாமா இது? பொம்பளைக போய்க் கையெழுத்துப் போட்டா ஆம்பளைக மூஞ்சிய எங்கிட்டு வச்சுக்கிறது? அதுலயும் கீரைக்காரி மொதல்ல!”

உள்ளிருந்து அலமேலுவின் குரல் வந்தது. “ஒங்க வீட்டுக்காரியே அவளுக்குப் பின்னாடிதான் நின்னா. தண்ணி வந்துச்சா இல்லையான்னு போய்க் கேளுங்க.”

8

மூன்றாம் வாரம் அலுவலகத்துப் பதில் வந்தது. எஞ்சின் சோதனை பழையபடி மறுகோடிக்கே மாற்றப்படும். எங்கள் பின்புறத்து மேடை வண்டிகள் நிறுத்தப் பயன்படும். பறக்கும் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் கட்டிப்போட்ட விமானத்தின் கத்தல் நின்றுபோயிற்று. அடுத்த பத்து நாட்களில் அலமேலு சுவரை விட்டு இரண்டடி தள்ளி நடக்கத் தொடங்கினாள்.

கருப்பையா என் கடைக்கு வந்து, “நம்ம மனு எப்படி வேலை செஞ்சுச்சு பாத்தீங்களா அண்ணே” என்றார். ‘நம்ம’ என்றார். நான் அவருக்கு அரைப் படி துவரம்பருப்பை அளந்து கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். அலமேலு நாங்கள் கப்பலில் கொண்டுவந்த தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துவைத்து, புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பங்குனிக் கப்பலுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.

“அதான் மாத்திட்டானே. இன்னும் எதுக்குப் பெட்டி?” என்றேன்.

அவள் நிமிரவில்லை.

“மாத்திட்டா போகமாட்டேன்னு நீதானே சொன்ன?”

“சொன்னேந்தான். நீங்க மாத்திக் குடுப்பீங்கன்னு நெனச்சுச் சொன்னேன்.”

ஒரு புடவையை எடுத்து நீளவாக்கில் மடித்தாள். அதைப் பெட்டியில் வைத்துக் கையால் நீவினாள்.

“ரெண்டு மாசம் செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். பக்கத்து ரூம்புல நீங்க எத்தனாவது ஆளுன்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பிளேன் அவ்வளவு கத்தியும் எனக்கு அது காதுல விழுந்துச்சுங்க. மத்ததெல்லாம் கேக்கல. அது மட்டும் கேட்டுச்சு.”

என்னிடம் விடை இருந்தது. சட்டப்படியான விடை, மனுவை எழுதியவனே முதல் மனுதாரன் என்பது. அதைச் சொல்லவில்லை. எப்போது திரும்பி வருவாய் என்று மட்டும் கேட்டேன்.

“தெரியல. ஒரு வருசம் போகட்டும். கோமதிக்குச் சோறு வடிக்கத் தெரியும். ஒங்களுக்குக் கடை இருக்கு.”

நான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். சோதனை நடக்கும் நேரந்தான் அது. மறுகோடியில் நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரு சிறு இரைச்சல்கூட வரவில்லை. தட்டில் தம்ளர்கள் அசையவில்லை. தகரக் கூரைமேல் ஒரு காகம் நடந்தது தெரிந்தது. உள்ளே அவள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். பிறகு கொக்கியை மாட்டினாள். பிறகு பூட்டை அழுத்தினாள். மூன்றையும் தனித்தனியே, மிகத் தெளிவாகக் கேட்டேன்.